பாசித்திரை வைத்து 4 வாரம், பச்சை பிடிக்கவே இல்லை. அவசர உதவி

மூன்றடித்தொட்டி | செவ்வாய், இரவு 11.42
வணக்கம். பாசித்திரை (தண்ணீர் வழியும் வலையில் விளக்கு வைத்துப் பாசி வளர்த்து, அதனால் மீன்தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்வது) நானே செய்து வைத்து 4 வாரம் ஆகிறது. பச்சையாக ஒன்றுமே வளரவில்லை. பழுப்பு நிறத்தில் சளி மாதிரி ஏதோ படிகிறது, விரல் வைத்தால் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிடுகிறது. மீன் கழிவால் சேரும் நைட்ரேட் லிட்டருக்கு 80 மில்லிகிராம். தண்ணீர் மாற்றி மாற்றிப் பார்த்தும் இறங்கவில்லை. விளக்கு நன்றாகத்தான் எரிகிறது. இன்று காலையிலிருந்து ஒரு மீன் அடியிலேயே படுத்திருக்கிறது. எங்கே தப்பு செய்தேன்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

நீர்க்கொடி | செவ்வாய், இரவு 11.58
நல்ல தண்ணீரா, கடல் தண்ணீரா? எத்தனை லிட்டர்? என்ன மீன்? அடியில் படுத்திருக்கும் மீனுக்கு நைட்ரேட் மட்டும் காரணமாக இருக்காது. முதலில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் பாருங்கள்.

வேலூர்_சிக்லிட் | புதன், காலை 6.15
திரை எதில் செய்தீர்கள்? ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலை என்றால் அது வழவழப்பு, பாசி கால் ஊன்றாது. கைவினைக் கடையில் கம்பளி நூல் பின்னுவதற்கு விற்கும் பிளாஸ்டிக் கேன்வாஸ் வாங்குங்கள். அதையும் அப்படியே மாட்டக் கூடாது. ஆக்ஸா பிளேடால் இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாகச் சுரண்ட வேண்டும். கையை வைத்துத் தேய்த்தால் முள் மாதிரி குத்த வேண்டும், அதுதான் பதம். உப்புத்தாள் போதாது. நான் முதலில் உப்புத்தாள் தேய்த்து ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

செவ்வொளி | புதன், காலை 7.02
விளக்கு எரிகிறது என்றால் என்ன விளக்கு? எத்தனை வாட்? திரையிலிருந்து எவ்வளவு தூரம்? பாசிக்கு வேண்டியது சிவப்பு. 660 நானோமீட்டர் எல்இடி கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சமாவது வேண்டும். நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது வேறு, பாசிக்கு வேண்டியது வேறு. ஒரு பக்கம் மட்டும் விளக்கு வைத்திருந்தால் திரையின் பரப்பில் பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். விளக்கை மாற்றுங்கள், மற்றதெல்லாம் தானாகச் சரியாகும்.

பழைய_மீன்காரர் | புதன், காலை 9.30
தம்பி, கொளத்தூர் சந்தையில் நான் மீன் வாங்க ஆரம்பித்து முப்பது வருடம் ஆகிறது. அப்போது இந்தத் திரை எல்லாம் கிடையாது, மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்று, இரையைக் குறை, ஃபில்டர் ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசு. நைட்ரேட் தானாக இறங்கும். அடிப்படையைப் படிக்காமல் வீடியோ பார்த்துச் சாமான் வாங்குவதுதான் இப்போதைய பிரச்சினை. இதே கேள்விக்கு நான் பலமுறை பதில் சொல்லிவிட்டேன். முதலில் தேடிப் படிக்கவும்.

நீர்க்கொடி | புதன், காலை 9.51
ஐயா, தண்ணீர் மாற்றியும் இறங்கவில்லை என்று அவர் முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார்.

முத்துநகர்_கடல்தொட்டி | புதன், மதியம் 1.20
இங்கே தூத்துக்குடியில் கடல் தண்ணீர்த் தொட்டிக்கு நாலு வருடமாகப் பாசித்திரைதான் வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதல் இரண்டு மூன்று வாரம் பழுப்பு படிவது இயல்பு, அது டயாட்டம் என்ற பழுப்புப் பாசி. மெல்ல விரலால் வழித்துவிட்டால் போதும், பிரஷ் போட்டுத் தேய்த்தால் அடியில் பிடித்திருக்கும் பச்சையும் போய்விடும். நான்காவது வாரமும் பழுப்பே என்றால் எனக்குச் சந்தேகம் ஓட்டத்தின் மேல்தான். திரையின் அகலத்தில் ஒவ்வொரு இஞ்சுக்கும் மணிக்குச் சுமார் 130 லிட்டர் வழிய வேண்டும். உயரம் இந்தக் கணக்கில் வராது, அகலம்தான். மோட்டார் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் தண்ணீரை மேலே தூக்காதபோது வருவது. இரண்டடி ஏற்றினாலே சின்ன மோட்டாரில் பாதி போய்விடும். ஒரு லிட்டர் பாட்டிலைக் குழாய் முனையில் பிடித்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்.

மூன்றடித்தொட்டி | புதன், இரவு 10.35
மன்னிக்கவும், அவசரத்தில் எதையும் எழுதவில்லை. நல்ல தண்ணீர், சுமார் 150 லிட்டர், கோல்டுஃபிஷ் 5. திரை பிளாஸ்டிக் கேன்வாஸ்தான், 8 இஞ்ச் அகலம், 10 இஞ்ச் உயரம், ஆக்ஸா பிளேடால் சுரண்டியிருக்கிறேன். 10 வாட் வெள்ளை எல்இடி ஃபிளட் லைட், ஒரு பக்கம் மட்டும், நாலு இஞ்ச் தள்ளி. அம்மோனியா 0, நைட்ரைட் 0. படுத்திருந்த மீன் இன்று இரை எடுத்தது. மோட்டார் பெட்டியில் 800 என்று இருக்கிறது, ஆனால் பாட்டில் நிரம்ப 9 நொடி ஆகிறது. தண்ணீர் விழும் சத்தத்தில் அம்மாவுக்குத் தூக்கம் வருவதில்லை, அதனால் இரவு 10 மணிக்கு மோட்டாரை நிறுத்திவிட்டுக் காலை 6 மணிக்குப் போடுவேன். தொட்டிக்குள் ஸ்பாஞ்ச் ஃபில்டர் தனியாக ஓடுகிறது, அதனால் மீனுக்கு ஒன்றும் இல்லை.

முத்துநகர்_கடல்தொட்டி | புதன், இரவு 10.48
கிடைத்துவிட்டது! தினமும் 8 மணி நேரம் திரை காய்கிறது. பகலில் பிடிக்கிற பச்சை இழை ராத்திரியில் காய்ந்து செத்து, காலையில் மோட்டார் போட்டதும் கழுவிக்கொண்டு போகிறது. இருட்டு வேண்டியதுதான், 18 மணி நேரம் வெளிச்சம், 6 மணி நேரம் இருட்டு என்று வைக்கலாம். ஆனால் தண்ணீர் ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது. சத்தத்துக்கு ஒரு வழி இருக்கிறது: திரையின் கீழ் ஓரம் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு இஞ்ச் கீழே மூழ்கும்படி இறக்குங்கள். தண்ணீர் விழாது, வழிந்து கலக்கும். அப்புறம், 9 நொடி என்றால் மணிக்கு 400 லிட்டர். 8 இஞ்ச் திரைக்கு ஆயிரத்துக்கு மேல் வேண்டும். மோட்டார் மாற்றப் பணம் செலவழிக்க வேண்டாம், திரையை 3 இஞ்ச் அகலமாக வெட்டுங்கள்.

செவ்வொளி | புதன், இரவு 11.05
3 இஞ்ச் ஆக்கினால் பரப்பு போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு கட்டி உறைந்த இரை போடுகிற தொட்டிக்கு 12 சதுர இஞ்ச், அதுவும் இரண்டு பக்கமும் விளக்கு வைத்தால் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஐந்து கோல்டுஃபிஷ் அதைவிட அதிகம் தின்னும். வெட்டுவதாக இருந்தால் மறுபக்கமும் கட்டாயம் ஒரு விளக்கு வேண்டும்.

பழைய_மீன்காரர் | வியாழன், காலை 8.10
இதைத்தான் சொல்கிறேன். மோட்டார், விளக்கு, வெட்டு, ஒட்டு. இத்தனை கஷ்டத்துக்கு ஒரு மணிபிளாண்ட் கொடியைத் தொட்டியில் தொங்கவிட்டால் வேர் உறிஞ்சிக்கொள்ளும். மின்சாரச் செலவும் இல்லை.

வேலூர்_சிக்லிட் | வியாழன், காலை 8.44
மணிபிளாண்ட் வேரைக் கோல்டுஃபிஷ் விட்டுவைக்குமா? என் தொட்டியில் இரண்டே நாளில் மொட்டையாக்கிவிட்டன. வேரைச் சுற்றி வலை கட்ட வேண்டியிருந்தது.

நீர்க்கொடி | வியாழன், காலை 9.20
கொடியும் உறிஞ்சும், மறுக்கவில்லை. ஆனால் பாசித்திரை நேற்று வந்த வீடியோ வித்தை இல்லை. அமெரிக்காவில் ஸ்மித்சோனியனில் இருந்த வால்ட்டர் ஏடி கடல் பாறைத் திட்டுகளை ஆராய்ந்து, அதன் அடிப்படையில் செய்தது. காப்புரிமை 1982. ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில் நகரின் பெரிய பவளப்பாறைக் காட்சியகம் 1987இல் திறந்தபோது அங்கே நீரைச் சுத்தம் செய்ததும் பாசித் திரள்தான். ஸ்பாஞ்சில் இருக்கும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கி அதோடு நின்றுவிடும். பாசி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தன் உடம்பாக்கிக்கொள்கிறது. வாரம் ஒருமுறை நாம் சுரண்டி எடுக்கும்போது அவை தொட்டியை விட்டே வெளியே போகின்றன.

பழைய_மீன்காரர் | வியாழன், காலை 10.02
அந்த மாதிரித் தொட்டிகளில் தண்ணீர் மஞ்சளாகிறது என்ற குறையும் உண்டு. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நீர்க்கொடி | வியாழன், காலை 10.15
உண்டு. பாசி கனமாகி அடியில் அழுகும்வரை விட்டால் அப்படி ஆகும். நாள் தள்ளாமல் சுரண்டினால் குறையும், மீதிக்கு ஃபில்டரில் கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) போட்டால் போதும்.

கிணற்றடி | வியாழன், மாலை 5.30
நான் வேறு ஒன்று கேட்கிறேன். தொட்டிக்கு ஊற்றுவது எந்தத் தண்ணீர்? போர் தண்ணீர் என்றால் அதையே சோதனைக் குழாயில் எடுத்து நைட்ரேட் சோதித்துப் பாருங்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் உச்சவரம்பே லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட். உரம் போட்ட வயல், கழிவுநீர்க் குழி பக்கத்தில் இருக்கும் கிணறுகள் அதைச் சாதாரணமாகத் தாண்டும். எங்கள் வீட்டுக் கிணறு அப்படித்தான், அது தெரியாமல் ஒரு வருடம் நான் வாளி வாளியாக மாற்றிக்கொண்டிருந்தேன். இன்னொன்று, சோதிக்கும்போது நைட்ரேட் சோதனைப் பெட்டியில் உள்ள இரண்டாவது மருந்துப் புட்டியை அரை நிமிடம் பலமாகக் குலுக்க வேண்டும். அடியில் படிந்திருக்கும், குலுக்காவிட்டால் அளவு குறைவாகக் காட்டும்.

மூன்றடித்தொட்டி | வியாழன், இரவு 9.15
போர் தண்ணீர்தான். இப்போது சோதித்தேன். குலுக்கித்தான் பார்த்தேன். 40.

பழைய_மீன்காரர் | வியாழன், இரவு 9.40
போர் தண்ணீர் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் தண்ணீர் மாற்றச் சொல்லியிருக்க மாட்டேன். 40 உள்ள தண்ணீரை எத்தனை தடவை ஊற்றினாலும் 40க்குக் கீழே இறங்காது. மழைத் தண்ணீர் பிடிக்க வசதி இருந்தால் பாதிக்குப் பாதி கலந்து ஊற்று, திடீரென்று முழுதாக மாற்றாதே, மீன் தாங்காது. வீட்டில் ஆர்ஓ இருந்தாலும் அதே அளவுதான், வெறும் ஆர்ஓ தண்ணீரில் தாது இருக்காது. திரையை வைத்துக்கொள். உன் தொட்டிக்கு அது தேவைதான்.

கிணற்றடி | வியாழன், இரவு 9.52
அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் எடுக்கிறீர்களா? வீட்டில் கைக்குழந்தை இருந்தால் தயவுசெய்து அதில் பால் கலக்காதீர்கள். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது.

மூன்றடித்தொட்டி | வியாழன், இரவு 10.01
குடிக்கக் கேன் தண்ணீர்தான். குழந்தை இல்லை. நன்றி.

வேலூர்_சிக்லிட் | அடுத்த வாரம் சனி, மாலை 4.10
என்ன ஆயிற்று? மீன் நன்றாக இருக்கிறதா?

முத்துநகர்_கடல்தொட்டி | அதற்கடுத்த புதன், இரவு 8.25
திரையை வெட்டினீர்களா இல்லையா? படம் போடுங்கள்.

மூன்றடித்தொட்டி | அதற்கடுத்த ஞாயிறு, இரவு 11.20
வெட்டினேன், 3 இஞ்ச். மோட்டாரை நிறுத்துவதில்லை, கீழ் ஓரம் மூழ்கியிருக்கிறது, சத்தம் இல்லை. மறுபக்கமும் விளக்கு வைத்தேன். பன்னிரண்டாம் நாள் ஓட்டைகளின் ஓரத்தில் ஊசி முனை அளவில் பச்சைப் புள்ளிகள் வந்தன. இன்று இழை அரை இஞ்ச் நீளம், இழுத்தால் வரவில்லை. பாதி மழைத் தண்ணீர் கலந்து இரண்டு முறை மாற்றினேன். நைட்ரேட் 40க்கும் கீழே. ஐந்து மீனும் நன்றாக இருக்கின்றன. எல்லோருக்கும் நன்றி.

புதுத்தொட்டி_7 | திங்கள், காலை 7.35
அண்ணா, நானும் இதேபோல் செய்யப் போகிறேன். கரண்ட் போனால் திரை காயாமல் இருக்க என்ன செய்தீர்கள்? எங்கள் ஊரில் மாதம் ஒரு நாள் காலை 9 மணியிலிருந்து மாலை வரை நிறுத்திவிடுகிறார்கள்.

முத்துநகர்_கடல்தொட்டி | திங்கள், காலை 8.12
திரையைக் கழற்றித் தொட்டிக்குள்ளேயே மூழ்க வையுங்கள் தம்பி, ஒரு பகல் தாங்கும். கோல்டுஃபிஷ் தொட்டி என்றால் தனி வாளியில் தொட்டித் தண்ணீர் எடுத்து அதில் வையுங்கள், உள்ளே போட்டால் தின்றுவிடும்.