தட்டையடி சரி, மற்றதற்கு என்ன பெயர்?

நண்பர்களே,

சிறு மோட்டார் படகு வாங்குவோருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இரண்டு 14 அடிப் படகுகளை ஒப்பிடும் பகுதியில் நின்றுவிட்டேன். ஒன்றின் அடிப்பாகம் பலகைபோல் தட்டை. அதைத் ‘தட்டையடி’ என்று எழுதிவிட்டேன். மற்றது நடுவில் கூர்ந்து இருபுறமும் மேலேறும். ‘வி வடிவ அடி’ என்று எழுதக் கை வரவில்லை.

*

> எழுதக் கை வரவில்லை

வரவும் கூடாது, அம்மா. நாற்காலிகளைப் ‘ப’ வடிவில் போடச் சொல்கிறோமே, தட்டைப் படகைக் குறுக்கே வெட்டினால் தெரிவதும் அதே பகரம்தான். ‘பகரப் படகு’ எனலாம். மற்றது நீரைப் பிளக்கும் ஆப்பு. ஆப்பு + அடி, குற்றியலுகரம் கெட்டு ‘ஆப்படி’.

*

ஐயா, புணர்ச்சியில் குறையில்லை. ஆனால் ‘ஆப்படிப் படகு’ என்று விளம்பரம் போட்டால் யார் பணத்தை எடுப்பார்? இன்னொன்று, ‘14 அடித் தட்டையடி’ என்று வாசித்துப் பாருங்கள். அளவு எது, படகு எது? அடிக்குப் பதில் ‘தளம்’ போடலாமா என்றால், அது மேல்தளத்தோடு போய் மோதுகிறது. ‘கூரடி’ போதும்.

*

இரண்டிலும் போயிருப்பதால் சொல்கிறேன். தட்டை, நிறுத்தினால் அசையாது. முழங்கால் ஆழத்திலும் போகும், சின்ன எஞ்சினே இழுத்துவிடும். ஆனால் அலை எழுந்தால் அடி அடியென்று அடிக்கும். இடுப்பு பதில் சொல்லும். கூர்ந்தது அலையைக் கிழித்துப் போகும், நின்றால் பக்கவாட்டில் ஆடும், கூடுதல் குதிரைத்திறன் கேட்கும். சிக்கல் இதுவல்ல. பல படகுகள் முன்னால் கூர்ந்து, பின்னால் போகப்போகத் தட்டையாகிவிடும். அவை கூரடியா, தட்டையடியா?

*

படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் அடிமரத்துக்கு ‘ஏரா’ என்று பழஞ்சொல் இருப்பதை மறந்துவிட்டோம். ஏர் நிலத்தைக் கீறுகிறது, ஏரா நீரைக் கீறுகிறது. வேர் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ‘ஏராக்கூர்’ என்றால் எவ்வளவு அழகு!

*

அழகுதான். ஏர், ஏரி, ஏற்றம் என்று நீங்கள் கரையேறிவிடுவீர்கள், படகு இங்கேயே நிற்கும். நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் இரட்டை உடல் படகாகிவிட்டது. சொல்லை வேருக்குள் கட்டிவைக்க முடியாது.

*

வியாழன் இரவு. நான்கு பேர் ‘கூரடி’ என்கிறீர்கள், அதையே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘வி வடிவில் அமைந்த கூரடி’; மன்னியுங்கள். நீளத்தை மீட்டரில் மாற்றிவிட்டேன், அந்த ‘அடி’ ஒழிந்தது. இரண்டும் கலந்த படகுக்குச் சொல் கிடைக்கவில்லை. ‘முன்பக்கம் கூர்ந்து பின்பக்கம் தட்டையாக இருக்கும்’ என்று வாக்கியமாகவே எழுதிவிட்டேன்.

*

தட்டைப் படகிலும் முன்பக்கம் கூராக இருக்கலாம், அம்மா. அப்போது அதுவும் கூரடியா? சரி, அச்சுக்குப் போகட்டும். என் கணக்கில் அது ஆப்படிதான்.