பிளை ஜாயின்ட் ஸ்டட் ஓரத்துலயே நிக்குது, பிரிக்கணுமா?

புதுஉளி:
மரச்சட்டத்துல ஒரு சின்ன ரூம் எழுப்பிட்டு இருக்கேன், ஒரு சுவர் ஃப்ரேமை தரையில படுக்க வச்சே அடிச்சாச்சு, போட்டோ கீழ இருக்கு. ஸ்டட் (நிமிர்ந்து நிக்குற சட்டம்) எல்லாம் 16 இன்ச் சென்டர் டு சென்டர், டேப் வச்சு திரும்பவும் பாத்துட்டேன், பக்காவா இருக்கு. ஆனா 8 அடி பிளைவுட்டை குறுக்கால வச்சா நுனி ஸ்டட் ஓரத்தை தொட்டுட்டு நிக்குது, ஆணி இறங்க மரமே இல்ல. பிளையும் சரியா 96 தான். அப்போ எங்க இடிக்குது?

ரசமட்டம்:
பிரிக்காதீங்க தம்பி. முதல் ஸ்டட்டோட நடுவுலேருந்து 16 எடுத்திருக்கீங்க, அதான் வினை. ஸ்டட் மரத்துக்கு டூ பை ஃபோர்னு (2×4 இன்ச்) பேருதான், கனம் ஒன்றரை இன்ச், அதுல பாதி முக்கால் இன்ச், அதாவது 6 நூல். பிளை சுவர் நுனியில ஆரம்பிக்குது, உங்க கணக்கு 6 நூல் உள்ள தள்ளி ஆரம்பிக்குது, அது கடைசி வரைக்கும் கூடவே வரும். 96-ல நடு விழ வேண்டிய ஸ்டட் 96-லதான் ஆரம்பிக்குது பாருங்க. பிளேட் (ஸ்டட் நிக்குற படுக்கை சட்டம்) நுனியிலேருந்து 15¼-ல கோடு போட்டு ஸ்டட்டை கோட்டுக்கு அந்தப்பக்கம் வைக்கணும், அந்தக் கோட்டுலயே ஒரு ஆணி அடிச்சு டேப் கொக்கியை மாட்டி 16, 32, 48னு ஒரே இழுப்புல மார்க் பண்ணிட்டு போயிடலாம். இப்போதைக்கு ஜாயின்ட் வர்ற ஸ்டட்டுக்கு முதல் ஷீட் பக்கமா இன்னொரு ஸ்டட்டை ஒட்டி அடிச்சிருங்க, ஒரு பிளை புதுசுல உக்காரும், அடுத்தது பழசுல.

குறுக்குச்சட்டம்:
அண்ணன் சொன்னதேதான். பிளை அடிக்கறதுக்கு முன்னாடி மூலைக்கு மூலை ரெண்டு பக்கமும் அளந்துருங்க, வித்தியாசம் வந்தா எது நீளமோ அந்த மூலையை சுத்தியலால உள்ள தட்டுங்க, பிளை அடிச்சப்புறம் ஒண்ணும் நகராது. ஷீட்டுக்கு ஷீட் 1 நூல் கேப் விடுங்க, ஈரத்துல உப்பும்.

கைமரம்:
எல்லாரும் பிளையையே பாக்குறீங்க, போட்டோவுல ஜன்னலைப் பாருங்கய்யா. ஹெட்டருக்கு (ஜன்னல் மேல குறுக்கா வர்ற சட்டம்) அடியில அதைத் தாங்குற குட்டை ஸ்டட் எங்க? ரெண்டு பக்கமும் பக்கவாட்டு ஆணியிலயே தொங்குது. மேல வர்ற கூரை பாரம் பூரா அந்த ஆணி மேலதான். பிளை ஜாயின்ட்டை அப்புறம்கூட சரி பண்ணிக்கலாம், இது முதல்ல.

புதுஉளி:
ஐயோ ஆமா, ஆணிலதான் நிக்குது 😬 ஆனா ரெண்டு பக்கமும் குட்டை ஸ்டட் வச்சா ஓப்பனிங் 3 இன்ச் சுருங்குமே, ஜன்னல் ஏற்கனவே வாங்கியாச்சுண்ணே.

கைமரம்:
பக்கத்துல நிக்குற முழு ஸ்டட் ரெண்டையும் ஒன்றரை ஒன்றரை வெளிய தள்ளுங்க, 16 கணக்கை அங்க பாக்காதீங்க. ஹெட்டரை மட்டும் 3 இன்ச் கூட்டி புதுசா வெட்டணும், பழசை அடுத்த சுவர்ல சின்ன ஜன்னலுக்கு வச்சுக்கலாம்.