மடத்துத் தெரு குழு: நாளைக்கு ஊர்வலம்

செயலாளர் சார் (இரவு 8:04): மறைஞ்ச நம்ம மடத்துச் சாமியோட பல்லக்கு நாளை காலை 9 மணிக்கு மடத்து வாசல்ல கிளம்பும். முச்சந்தி வழியா போய் தோப்புல சமாதி. முச்சந்தியில சாமியை எதிர்க்கிற அந்தக் கோஷ்டி அட்டை பிடிச்சு நிக்கப்போறதா நோட்டீஸ் சுத்துது. யாரும் அதை இங்க ஃபார்வர்டு பண்ண வேணாம்.

காலேஜ் தம்பி: பண்ணிட்டேன் சார், எடுத்துடறேன். எல்லா சாதியையும் ஒரே பந்தியில உக்கார வச்சாருங்கறதுக்காக, செத்த மனுஷனை இப்படியா எழுதுவாங்க? சும்மா விடறதா?

பெரியம்மா: செத்தன்னு சொல்லாதடா. பரிபூரணம் ஆனார்னு சொல்லு.

வக்கீல் அண்ணன்: தம்பி, அவங்களுக்கு வேண்டியது நம்ம கைதான். நாம கை ஓங்குற பத்து செகண்ட் வீடியோ கிடைச்சா போதும். அதுக்கு முன்னாடி அவங்க என்ன பேசினாங்கன்றது வெட்டுப்பட்டுப் போயிடும்.

காலேஜ் தம்பி: அப்போ கேஸ் போடலாமே?

வக்கீல் அண்ணன்: போடலாம். பி.என்.எஸ்., அதாவது ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த தண்டனைச் சட்டம், அதுல 301ல அடக்கச் சடங்குக்குக் கூடினவங்களுக்கு இடைஞ்சல் பண்றதும் வருது. 302, மத உணர்வைப் புண்படுத்தணும்னே பேசறது. ரெண்டுக்கும் ஓராண்டு வரை சிறை. ஆனா 302ல மனசைப் புண்படுத்தற எண்ணத்தைக் காட்டணும், 301ல அந்த எண்ணத்தையோ, புண்படும்னு தெரிஞ்சே செஞ்சதையோ காட்டணும். வெறுமனே அட்டை பிடிச்சு தள்ளி நிக்கறவனை அதுல மாட்டறது லேசில்ல. நம்ம பக்கம் பாரு: அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ சேர்ந்து நிக்கையில ஒருத்தன் அடிச்சா 190ல கூட நின்னவங்களையும் இழுக்கலாம். கலவரம்னு 191 போட்டா ரெண்டு வருஷம் வரைக்கும்.

ரிட்டயர்டு எஸ்.ஐ. மாமா: அதனால இன்னிக்கு ராத்திரியே ஸ்டேஷன்ல மனு குடுத்துடுங்க. ரெண்டு காப்பி. ஒண்ணுல சீல் போட்டு வாங்கிக்கோங்க. வழி, கிளம்பற நேரம், எத்தனை பேர், பொறுப்பாளர் மூணு பேர் போன் நம்பர். "அவங்களை விடாதீங்க"ன்னு எழுதாதீங்க. "தனி இடம், தடுப்பு வச்சு நிறுத்துங்க"ன்னு எழுதுங்க. முதல்ல சொன்னதைச் செய்ய அதிகாரிக்குத் தயக்கம் இருக்கும். ரெண்டாவதை உடனே செய்வாங்க.

வக்கீல் அண்ணன்: அமெரிக்காவுலயும் கடைசியில தூரக் கணக்குலதான் வந்து நின்னுச்சு மாமா. கான்சாஸ்ல டொபீகாங்கற ஊர்ல வெஸ்ட்பரோ பாப்டிஸ்ட் சர்ச்னு ஒரு சின்னக் கூட்டம், பெரும்பாலும் ஒரே குடும்பம். துக்கம் நடக்கற இடமாப் போய் அட்டை பிடிப்பாங்க. 2008ல சால்ட் லேக் சிட்டியில மார்மன்ங்கற மதசபையோட தலைவர் கார்டன் ஹிங்க்லி இறுதிச் சடங்குக்கும் வர்றோம்னு அறிவிச்சாங்க. ஈராக்ல இறந்த ஒரு சிப்பாயோட அப்பா இவங்க மேல கேஸ் போட்டு, 2007ல ஜூரி ஒரு கோடியே 9 லட்சம் டாலர் குடுக்கச் சொல்லிச்சு. அப்பீல்ல கவுந்துச்சு. எதிர்த்தரப்பு அப்பீல் செலவு 16,510 டாலரை அந்த அப்பாவே கட்டணும்னு வேற உத்தரவு!

பெரியம்மா: அடப்பாவமே.

வக்கீல் அண்ணன்: 2011ல சுப்ரீம் கோர்ட்டும் 8க்கு 1ன்னு அவங்க பக்கம். போலீஸ் காட்டின பொது இடத்துல, சர்ச்சுல இருந்து சுமார் 1,000 அடி தள்ளி நின்னாங்கங்கறதும் ஒரு காரணம். அந்த நாட்டுச் சட்டம் வேற, நம்மது வேற. ஆனா கோர்ட்டை நம்பி நாளைக்குக் காலைப் பொழுதைக் கடத்த முடியாது.

காலேஜ் தம்பி: மைக்செட்டை ஃபுல்லா வச்சு அவங்க சத்தத்தை அமுக்கிடலாமா?

மைக்செட் அண்ணன்: வேணாம். நீ ஏத்தினா அவனும் ஏத்துவான். திறந்த வெளியில தூரம் ரெட்டிப்பானா 6 டெசிபல் குறையும். 10 மீட்டர்ல கேக்கறது 80 மீட்டர்ல 18 குறைஞ்சிடும். தெருவுல ரெண்டு பக்கமும் சுவர் இருக்கறதால அவ்வளவு குறையாது, இருந்தாலும் தள்ளி நிக்க வைக்கறதுதான் வழி. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் அளவு 55 டெசிபல். நான் தாண்டினா முதல் புகார் என் செட்டு மேலதான். கூம்பு ஸ்பீக்கர் வேணவே வேணாம். பல்லக்குக்கு முன்னாடி ஒரு சின்ன பாக்ஸ், ஓதுவாருக்கு மட்டும்.

பெரியம்மா: எங்க பதிக கோஷ்டி பல்லக்கு பின்னாடி வரும். மைக் இல்லாமலே பாடுவோம். வாய் பாட்டுல இருந்தா ஏச்சுக்கு வராது. கல்லைக் கட்டிக் கடல்ல போட்டவங்களைத் திருப்பி ஏசாம அப்பர் கரையேறின ஊருடா இது.

ரிட்டயர்டு எஸ்.ஐ. மாமா: இப்ப கணக்கு பாருங்க. அவங்க கண்ணு படற தூரம் 80 மீட்டர். பல்லக்கு வேகம் செகண்டுக்கு அரை மீட்டர். மூணு நிமிஷத்துக்குள்ள பல்லக்கு தாண்டிடும். ஆனா 600 பேர், நாலு நாலு பேரா வந்தா வரிசை 150 மீட்டர். கடைசி ஆள் தாண்ட எட்டு நிமிஷம் ஆகும். எல்லாரும் பல்லக்கைச் சுத்தியே நிதானமானவங்களைப் போடறாங்க. சண்டை வால்லதான் வரும். பெரியவங்க முன்னாடி போயிடுவாங்க, பின்னாடி வர்ற பசங்க நின்னு முறைப்பாங்க.

செயலாளர் சார்: அப்போ வால்ல யாரு?

ரிட்டயர்டு எஸ்.ஐ. மாமா: 45 வயசுக்கு மேல, மெதுவா கோபம் வர்ற ஆளு பத்து பேர். கோபக்காரப் பசங்களைப் பல்லக்கு தூக்க விடுங்க. தோள்ல பாரம் இருந்தா கை அடிக்கப் போகாது. மிச்சப் பசங்க தோப்புல உப்பு மூட்டை, விபூதி, வில்வம் இறக்கற வேலைக்கு 8 மணிக்கே போயிடணும். குடிச்சிட்டு வர்றவன் யாரா இருந்தாலும் வரிசையில கிடையாது.

வக்கீல் அண்ணன்: அவங்க அட்டை பெண்டுங்க கண்ணுல படாம மறைக்க ஒரு வழி இருக்கு. 1999ல அமெரிக்காவுல லாரமிங்கற ஊர்ல, மேத்யூ ஷெப்பர்ட்ங்கற காலேஜ் பையனோட கொலை வழக்கு நடக்கையில, அதே வெஸ்ட்பரோ கூட்டம் வந்துச்சு. அந்தப் பையனோட சிநேகிதங்க வெள்ளைத் துணியில பெரிய பெரிய இறக்கை கட்டிக்கிட்டுப் போய் முன்னாடி நின்னு மறைச்சாங்க. ஒரு கோஷம் போடல.

காலேஜ் தம்பி: பி.வி.சி. பைப்புல ஃபிரேம் அடிச்சிடலாம் அண்ணா!

ரிட்டயர்டு எஸ்.ஐ. மாமா: பைப்பும் கம்பும் கூடாது. போலீஸ் கண்ணுக்கு அது ஆயுதம். குடையும் வேணாம், முனை கண்ணைக் குத்தும். எட்டு முழ வேட்டி போதும். நீளம் 3.6 மீட்டர். தடுப்பு 15 மீட்டர்னா, ஓரம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வர அஞ்சு வேட்டி. வேட்டிக்கு ரெண்டு பேர், மாத்து ரெண்டு பேர், மொத்தம் 20. மேல் ஓரம் தலை உயரத்துக்கு வரணும். கை கடுக்கும், அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் மாத்துங்க. முதுகு அவங்க பக்கம், முகம் பல்லக்கு பக்கம். தடுப்பை விட்டு நாலடி தள்ளி. துணி அவங்க மேல பட்டாலே தள்ளினதா சொல்லுவாங்க.

செயலாளர் சார்: 9 மணிக்குச் சரியா கிளம்பணும். வெயில் ஏற ஏறக் கடல்காத்து ஏறும், வேட்டி பாய்மரம் மாதிரி இழுக்கும்.

பெரியம்மா: அவங்களுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் நீர்மோர் குடுத்தா என்ன? சாமியா இருந்தா குடுத்திருப்பார்.

வக்கீல் அண்ணன்: பெரியம்மா, நல்ல மனசுதான். ஆனா ஒருத்தனுக்கு வயித்து வலி வந்தாலும் நாம எதையோ கலந்துட்டோம்பாங்க. சீல் உடைக்காத தண்ணி பாட்டில் ஒரு பெட்டி, போலீஸ்காரங்க கையில. அவங்களே யாருக்கு வேணும்னாலும் குடுக்கட்டும்.

நர்ஸ் அக்கா: முச்சந்திக்குக் கிட்ட கட்டட வேலைக்கு ஜல்லி குவிச்சிருக்கு. காலி பாட்டிலும் கிடக்கு. ராத்திரியே ஜல்லி மேல தார்ப்பாய் போட்டுக் கட்டிடுங்க, பாட்டிலைப் பொறுக்கிடுங்க. வெடி வேணாம், தெறிச்சா குண்டு வீசினாங்கன்னு ஆயிடும்.

காலேஜ் தம்பி: எச்சில் துப்பினா? செருப்பு வீசினா?

ரிட்டயர்டு எஸ்.ஐ. மாமா: பட்டவரை ரெண்டு பக்கத்து ஆளும் தோளைப் பிடிச்சு வரிசைக்குள்ள இழுத்துக்கணும். வேற யாரும் திரும்பக் கூடாது. செருப்பு விழுந்த இடத்துலயே கிடக்கட்டும், போட்டோ எடுத்து போலீஸ்ட்ட காட்டுங்க. பல்லக்கு மட்டும் எதுக்கும் நிக்கக் கூடாது.

வக்கீல் அண்ணன்: வீடியோ ரெண்டு பேர் மட்டும். ஒருத்தர் மாடியில, ஒருத்தர் வால்ல. போனைப் படுக்கை வாக்குல பிடிச்சு, தேதி, நேரம், இடம் வாயால சொல்லி ஆரம்பிங்க. நடுவுல நிறுத்தாதீங்க. வாட்ஸ்அப்ல அனுப்பினா சுருங்கிடும், எடுத்த நேரமெல்லாம் அழிஞ்சிடும். போன்ல இருக்கற மூல ஃபைலைத் தொடாதீங்க. கோர்ட்டுக்குப் போனா சாட்சியச் சட்டம் 63ல சான்றிதழ் குடுக்கணும், அதுக்கு அந்த போனே வேணும்.

செயலாளர் சார்: மனு குடுத்தாச்சு, சீல் வாங்கியாச்சு. இன்ஸ்பெக்டர் தடுப்பு வைக்க ஒத்துக்கிட்டார். ராத்திரி 10 மணிக்குக் குழுவை அட்மின் மட்டும்னு மாத்தறேன். வேட்டி எத்தனை ஆச்சு?

காலேஜ் தம்பி: அஞ்சும் ரெடி சார். எங்க வீட்டுல ரெண்டு, மாமா வீட்டுல மூணு.

ரிட்டயர்டு எஸ்.ஐ. மாமா: கரை என்ன நிறம்டா?

காலேஜ் தம்பி: ஒண்ணு மட்டும் கட்சிக் கரை மாமா...

ரிட்டயர்டு எஸ்.ஐ. மாமா: அதைத் திருப்பிக் குடு. வெறும் வெள்ளை ஒண்ணு என் பீரோவுல இருக்கு, வந்து எடுத்துட்டுப் போ.