ரெப்போ 1.25% இறங்கியும் இஎம்ஐ குறையவில்லையே, ஏன்?

தெற்குவாசல்:
2025 பிப்ரவரிக்கு முன் 6.5% இருந்த ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி), டிசம்பரில் 5.25% ஆகிவிட்டது. என் வீட்டுக்கடனில் மீதி 25 லட்சம், 9% வட்டி, 18 வருடம் பாக்கி என்று இருந்தபோது இஎம்ஐ 23,411. இப்போதும் அதே 23,411தான் பிடிக்கிறார்கள். வட்டியைக் குறைத்தார்களா இல்லையா? இன்னொன்று, தம்பி வீடு பார்த்துக்கொண்டிருக்கிறான். வட்டி குறைந்த நேரத்தில் வாங்குவது லாபம்தானே?

வட்டிக்கணக்கு:
இஎம்ஐயைப் பார்க்காதீர்கள், மீதி எத்தனை தவணை என்று பாருங்கள். வட்டி இறங்கினால் பெரும்பாலான வங்கிகள் தவணைத் தொகையைத் தொடாமல் காலத்தைத்தான் குறைக்கும். உங்கள் கணக்கில் 9% என்பது 7.75% ஆகியிருந்தால், 216 மாதம் 182 ஆகியிருக்க வேண்டும். காலத்தை மாற்றாமல் இஎம்ஐயைக் குறைத்தால் 21,498 வரும். ஆனால் மொத்தத்தில் சுமார் 3.9 லட்சம் கூடுதலாகக் கட்டுவீர்கள்.

மாதமும் குறையவில்லை என்றால் கடன் எந்த வகை என்று பாருங்கள். 2019 அக்டோபர் 1க்குப் பிறகு வங்கி கொடுத்த மாறும் வட்டி வீட்டுக்கடன் வங்கிக்கு வெளியே தீர்மானிக்கப்படும் ஒரு அளவுகோலோடு, பெரும்பாலும் ரெப்போவோடு, கட்டப்பட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றியே ஆக வேண்டும். அதற்கு முந்தைய எம்சிஎல்ஆர் கடன் (வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே தீர்மானிக்கும் வட்டியோடு கட்டப்பட்டது) என்றால் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு முறைதான் மாறும். வீட்டுவசதி நிதி நிறுவனக் கடனுக்கு இந்தக் கட்டாயமே கிடையாது. அவர்கள் ஏற்றும்போது காட்டும் சுறுசுறுப்பை இறக்கும்போது காட்ட மாட்டார்கள்.

அசலும்வட்டியும்:
மேலே சொன்னது சரி, ஆனால் எல்லோருக்கும் காலத்தைக் குறைப்பதே நல்லது என்று சொல்ல முடியாது. கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதற்கு மாதமே 3, 3.5% போகிறது. எழுதிக் கொடுத்து இஎம்ஐயைக் குறைத்து, மிச்சமாகும் 1,913ஐ முதலில் அங்கே போடுங்கள். கார்டு முடிந்தபின் அதே தொகையை வீட்டுக்கடன் அசலில் கட்டினால் காலம் தானாகச் சுருங்கும். மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்டத் தனிநபருக்கு அபராதம் இல்லை.

ஸ்ப்ரெட்டையும், அதாவது ரெப்போவுக்கு மேல் வங்கி கூட்டும் வட்டியையும், பாருங்கள். 9%இல் 6.5 ரெப்போ போக உங்களுக்கு 2.5. புதிதாகக் கடன் வாங்குபவருக்கு அதே வங்கி இதைவிடக் குறைவாகக் கொடுக்கலாம். சிறு கட்டணம் கட்டி மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். வேறு வங்கிக்குப் போனால் பரிசீலனைக் கட்டணம், சட்டக் கருத்து, மறுபடியும் எம்ஓடி (வீட்டுப் பத்திரத்தை வங்கியில் அடமானமாக வைத்ததற்கான ஆவணம்) பதிவு என்று செலவு வரும். அரை சதவீதத்துக்குக் குறைவான வித்தியாசத்துக்கு அலைய வேண்டாம்.

மனைவிலை:
தம்பிக்கு: மாதம் 25,000 கட்டக்கூடியவருக்கு, 20 வருடத்துக்கு, 9%இல் 27.8 லட்சம் கடன் கிடைக்கும். 7.75%இல் 30.5 லட்சம். இந்த 2.7 லட்சத்தை பில்டரும் கணக்குப் போட்டுத்தான் விலை சொல்கிறார். வட்டி பிறகு ஏறலாம், இறங்கலாம். வாங்கிய விலை மாறாது. ஆகவே பேரம் விலையில்தான்.

விலைவாசி ஏறினால் கடன் லேசாகும் என்பார்கள். சம்பளமும் கூடவே ஏறினால்தான் அது உண்மை. ஏறாவிட்டால் மளிகைக்கடை பில் ஒரு பக்கம், விலைவாசியைப் பிடிக்க ரிசர்வ் வங்கி ஏற்றும் வட்டி இன்னொரு பக்கம். 2022 மேயிலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 2.5% ஏறியது. 6.7%இல் 30 லட்சம், 20 வருடம் வாங்கியவரின் இஎம்ஐ 22,722. 9.2% ஆனபோது 30 லட்சத்துக்கு மாத வட்டியே 23,000. தவணை கட்டியும் அசல் குறையாது! தம்பி இப்போதைய வட்டியோடு 2% கூட்டி இஎம்ஐ போட்டுப் பார்க்கட்டும். கட்ட முடியும் என்றால் அட்வான்ஸ் கொடுக்கலாம்.

தெற்குவாசல்:
ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தேன், மீதி 199 தவணை என்று இருக்கிறது. 182 இல்லையே?

வட்டிக்கணக்கு:
199 என்றால் உங்கள் வட்டி இன்னும் 8.45% பக்கம் நிற்கிறது. வட்டி மாற்றும் தேதி எது, ஸ்ப்ரெட் எவ்வளவு என்று கிளையில் எழுத்தில் கேளுங்கள். அடுத்த மாற்றத் தேதி இன்னும் வராமல் இருக்கலாம்.