பழைய ஜிம்னிக்குப் பெரிய டயர் பொருந்துமா?

ஈசூன்வாசி: என் பழைய சுசுகி ஜிம்னியில் 205/70 ஆர்15 டயர்களுக்குப் பதிலாக 215/75 ஆர்15 போட விரும்புகிறேன். வண்டியின் சஸ்பென்ஷனை உயர்த்தாமலே பொருந்துமா?

மறுமொழி 1: விட்டம் 668 மில்லிமீட்டரிலிருந்து ஏறத்தாழ 704 ஆகிவிடுவதால், இப்போது துல்லியமாக இருக்கும் வேகமானி அதன்பின் 90 காட்டும்போது வண்டி 95-ஐ நெருங்கியிருக்கும். நம் சிங்கப்பூர்த் தீவு விரைவுச்சாலையின் வேகக் கேமராவுக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாது, ஐயா.

மறுமொழி 2: பொருந்தும், ஆனால் உரசக்கூடும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தபடி கார்நிறுத்துமிடச் சரிவில் ஏறியபோது, என் வண்டியின் முன் டயர் பம்பரின் உள்மூலையைக் கட்டைவிரல் அகலத்துக்குத் தேய்த்துவிட்டது. ரிம்மையும் மாற்றுவதானால் ஆஃப்செட்டை, அதாவது சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி அமரும் என்ற அளவைக் கவனியுங்கள். டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க நிலப் போக்குவரத்து ஆணையம் அனுமதிப்பதில்லை.

ஈசூன்வாசி: நன்றி. பின்கதவில் தொங்கும் உதிரிச் சக்கரத்தைப் பழைய அளவிலேயே விட்டுவிடலாமா?

மறுமொழி 2: வேண்டாம். நான்கு சக்கர இயக்கத்தில் விட்டம் வேறுபட்டால் பற்சக்கரங்கள்தாம் வாடும்.