பச்சை–நீலம் இணைப்பு: டப்ளின் தெரு குரூப்பில் ஞாயிறு ராத்திரி

[8:41] 22ஆம் வீடு: வணக்கம். நம்ம பச்சை, நீலம் ரெண்டு ஃபுட்பால் கிளப்பையும் இணைக்க வியாழக்கிழமை 26ஆம் தேதி ஈஜிஎம் (சிறப்புப் பொதுக்கூட்டம்)னு ரெண்டு கிளப்புல இருந்தும் மெயில் வந்திருக்கு. "தீர்மானம் 1: இரு கிளப்புகளும் கலைக்கப்பட்டு, புதிய கிளப் தொடங்கப்படும்." போய் கையைத் தூக்கிட்டு வந்தா போதுமா, இல்ல யோசிக்க ஏதாவது இருக்கா?

[8:44] பச்சை செயலாளர்: அந்த வாசகம் நான் எழுதினதுதான். யாரும் யாரையும் முழுங்கின மாதிரி தெரியக்கூடாது, ரெண்டு பேரும் சமமா உள்ள வரணும்னு.

[8:46] நீலம் கணக்கு அக்கா: நோக்கம் நல்லதுதான் அண்ணா. "கலைக்கப்பட்டு"ங்கிற ஒரு வார்த்தையிலதான் வம்பு. நீலம் ஒரு சிஎல்ஜி, அதாவது பங்கு இல்லாத உத்தரவாதக் கம்பெனி. கவுன்சில் கூட போட்ட மைதான லீஸ், ரெவென்யூ (வரித்துறை) குடுத்த விளையாட்டு வரிவிலக்கு நம்பர், பேங்க் கணக்கு, எஃப்ஏஐ (அயர்லாந்து ஃபுட்பால் சங்கம்) அஃபிலியேஷன் எல்லாம் அந்தக் கம்பெனி பெயர்ல நிக்குது. கலைச்சா நாலும் போச்சு. புதுசா ஒண்ணு ஆரம்பிச்சா நாலுக்கும் திரும்ப முதல்ல இருந்து விண்ணப்பம்.

[8:47] நீலம் கணக்கு அக்கா: பேங்க் கணக்கு ஒண்ணுக்கே எவ்வளவு இழுப்பாங்கன்னு தெரியும்ல. அதுவரைக்கும் ரெஃப்ரிக்கு யார் பாக்கெட்ல இருந்து காசு?

[8:49] மூலை வீட்டு அண்ணை: தங்கச்சி, அதுக்கு முதல் ஒண்டு. நோட்டீஸ் எப்ப போனது?

[8:50] நீலம் கணக்கு அக்கா: 12ஆம் தேதி.

[8:52] மூலை வீட்டு அண்ணை: அப்ப 14 நாள்தானே. பச்சைக்கு அது காணும், உங்கட யாப்பில (கிளப் விதிகளில) 14 எண்டுதான் இருக்கு. நீலம் கம்பெனி. கம்பெனியில சிறப்புத் தீர்மானம் எண்டா 2014 கம்பெனிச் சட்டப்படி 21 நாள் நோட்டீஸ் வேணும், வந்து வோட்டுப் போடுற ஆக்களில 75 சதவீதம் ஓம் சொல்லவேணும். வியாழன் நீலம் எடுக்கிற முடிவு செல்லாது.

[8:53] பச்சை கோச் தம்பி: ஐயோ. அப்போ பச்சை மட்டும் அன்னிக்கு கலைஞ்சு போய், நீலம் அப்படியே நிக்கும்!

[8:53] மூலை வீட்டு அண்ணை: அதேதான். உங்கட அண்டர்-13 ஞாயிறு மேட்ச்சுக்கு எந்தக் கிளப்பெண்டு இறங்கும்?

[8:55] பச்சை செயலாளர்: இது நான் கவனிக்கல. சரி, நாளைக்கே புது நோட்டீஸ் அனுப்பிடலாமா?

[8:58] நீலம் கணக்கு அக்கா: நாளைக்கு 23. அனுப்பின நாளையும் கூட்ட நாளையும் கழிச்சு 21 எண்ணினா மார்ச் 17 வருது. செயின்ட் பேட்ரிக்ஸ் டே அன்னிக்குக் கூட்டம் போட்டா நாம மூணு பேரும் நாற்காலியும்தான் இருப்போம். 19, வியாழன் வைங்க. தீர்மானம் நிறைவேறினதும் 15 நாளுக்குள்ள சிஆர்ஓ-ல (கம்பெனிப் பதிவு அலுவலகம்) தாக்கல் பண்ணணும்.

[9:01] 22ஆம் வீடு: கலைக்காம எப்படி இணையறது? எனக்கு அதுதான் புரியல.

[9:06] நீலம் கணக்கு அக்கா: ரெண்டு வழி. ஒண்ணு, ரெண்டையும் மூடிட்டு புதுசு. இன்னொண்ணு, ஒரு கிளப்போட சட்டக்கூட்டை மட்டும் வச்சுக்கிட்டு அடுத்தது அதுக்குள்ள சொத்து, பிள்ளைங்க, கோச்சுங்க எல்லாத்தோடவும் வந்து சேர்றது. அதே கூட்டத்துல பெயரையும் யாப்பையும் கமிட்டியையும் மாத்திடறது. வெளிய இருந்து பாக்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான், புதுப் பெயர், புது ஜெர்சி. உள்ள கம்பெனி நம்பர் மட்டும் பழசு. லீஸ்ல கை வைக்க வேண்டாம், வரிவிலக்கு தொடரும், பெயர் மாறின சான்றிதழை பேங்க்ல காட்டினா போதும்.

[9:08] பச்சை செயலாளர்: அதாவது நீலத்தோட கூடு.

[9:08] நீலம் கணக்கு அக்கா: ஆமா அண்ணா. பச்சை பதிவு பண்ணாத சங்கம். சட்டத்துக்கு அது ஒரு ஆளே இல்ல. நிலம் டிரஸ்டி பெயர்ல, கடன் கமிட்டிக்காரங்க தலையில. கூடுன்னு எடுக்க அங்க ஒண்ணும் இல்ல. தப்பா நினைக்காதீங்க.

[9:10] பச்சை செயலாளர்: தப்பா நினைக்கல. ஆனா எங்க ஆளுங்க "நீலம் நம்மள வாங்கிடுச்சு"ன்னுதான் பேசுவாங்க. சீனியர் டீம் லெய்ன்ஸ்டர் சீனியர் லீக்ல உங்களுக்கு ஒரு டிவிஷன் மேல இருக்கோம்.

[9:14] பச்சை கோச் தம்பி: அண்ணா, பச்சையைக் கலைச்சாதான் அந்த மேல் டிவிஷன் இடமே போகும். புது கிளப்னா அடில இருந்து ஆரம்பின்னு லீக் சொல்லிட்டா கேக்க முடியாது. ஓட்டுக்கு முன்னாடியே லீக் செயலாளருக்கு எழுதி, "இணைஞ்ச கிளப்பின் முதல் அணி பச்சையின் இடத்திலும், இரண்டாம் அணி நீலத்தின் இடத்திலும் ஆடலாமா"ன்னு எழுத்துல பதில் வாங்கணும். போன்ல "பிரச்சனை இருக்காது"ன்னு சொன்னது கணக்குல வராது. பையன்கள் லீக், பொண்ணுங்க லீக், பெரியவங்க லீக் மூணுக்கும் தனித்தனி கடிதம்.

[9:16] பச்சை கோச் தம்பி: ரெண்டு லீக் இடம் ஒண்ணா சுருங்கலாம்னு மறந்துடாதீங்க. 2021 நவம்பர்ல பிரே வாண்டரர்ஸும் கேபின்டீலியும் இணைஞ்சப்போ லீக் ஆஃப் அயர்லாந்து ஃபர்ஸ்ட் டிவிஷன் 10ல இருந்து 9 டீமாச்சு. 2022 முழுக்க ஒவ்வொரு வாரமும் ஒரு டீம் சும்மா உக்காந்திருந்தது. 2023ல கெர்ரி கிளப் வந்துதான் திரும்ப 10.

[9:18] 22ஆம் வீடு: அங்க பெயர் என்ன வச்சாங்க?

[9:21] பச்சை கோச் தம்பி: பிரே வாண்டரர்ஸ்னே விட்டுட்டாங்க. மைதானமும் பிரேயோட கார்லைல் கிரவுண்ட்ஸ். 1990லயும் 1999லயும் எஃப்ஏஐ கப் ஜெயிச்ச பெயர், யாரு விடுவா? கால்வேல வேற மாதிரி. மெர்வ்யூ யுனைடெட், சால்ட்ஹில் டெவன், பழைய கால்வே யுனைடெட்டோட ரசிகர் டிரஸ்ட் மூணும் கூடி 2014ல "கால்வே எஃப்சி"ன்னு யாருக்கும் வலிக்காத பெயரா வச்சாங்க. ஒரே சீசன். 2015ல திரும்ப கால்வே யுனைடெட் ஆயிடுச்சு.

[9:24] மூலை வீட்டு அண்ணை: டிரம்கொண்ட்ராவை விட்டிட்டீங்கள். அஞ்சு லீக், அஞ்சு கப் வெண்ட கிளப். 1972ல ஹோம் ஃபார்ம் அவையின்ர லீக் இடத்தை எடுத்துது. ஒரு சீசன் ஹோம் ஃபார்ம் டிரம்கொண்ட்ரா எண்டு ரெண்டு பேரையும் போட்டவை, அடுத்த சீசன் பின்பேர் இல்லை. கோடு போட்டு ரெண்டு பேரை ஒட்டினா பின்னால நிக்கிறதுதான் முதல்ல விழும். பச்சையின்ர பேரை முன்னுக்குப் போடச் சொல்லிக் கேளுங்கோ. கூடு நீலம், முன்பேர் பச்சை. அது நியாயம்.

[9:26] நீலம் கணக்கு அக்கா: எனக்கு சம்மதம். எங்க கமிட்டிலயும் பேசிடறேன்.

[9:29] பச்சை செயலாளர்: இது சொல்லி ஓட்டு வாங்கலாம். அடுத்து எங்க நிலம். டிரஸ்டி 4 பேர். ரெண்டு பேர் தவறிட்டாங்க, ஒருத்தர் ஆஸ்திரேலியா போய்ட்டாரு, மிச்சம் ஒருத்தர்தான் இங்க.

[9:33] மூலை வீட்டு அண்ணை: முதல் வேலை புது டிரஸ்டிமாரை நியமிக்கிற பத்திரம். இருக்கிற ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கவேணும், ஆஸ்திரேலியாக்காரர் அங்கயே ஒரு நோட்டரிக்கு முன்னால வச்சு அனுப்பலாம். இதை ஆறப் போடாதேங்கோ. கடைசி டிரஸ்டியும் போயிட்டா நிலம் சட்டப்படி அவற்ற மரண சாசனத்தை நிறைவேத்துற ஆக்களின்ர கையுக்குப் போகும். பிறகு கிளப் அவையிட்ட போய்க் கெஞ்சோணும். நியமனம் முடிஞ்சுதான் டிரஸ்டிமார் கம்பெனிக்கு எழுதிக் குடுத்து டெய்ல்டே ஏரன்ல (நிலப்பதிவு அலுவலகம்) பதியலாம். டிரெஸ்ஸிங் ரூம் அரசின்ர ஸ்போர்ட்ஸ் கேப்பிட்டல் கிராண்ட்டில கட்டினதுதானே?

[9:34] பச்சை செயலாளர்: ஆமா.

[9:36] மூலை வீட்டு அண்ணை: அப்ப நிலத்தின்ர ஃபோலியோவை (பதிவேட்டுப் பக்கத்தை) இறக்கிப் பாருங்கோ. அமைச்சரின்ர சார்ஜ் (அடமான உரிமை) அதில பதிஞ்சிருந்தா, விளையாட்டுத் திணைக்களம் எழுத்தில ஓம் சொல்லாமல் நிலம் கை மாறேலாது. வக்கீல் இதைக் கடைசியாத்தான் கண்டுபிடிப்பார், அதோட எல்லாம் நிண்டுபோகும்.

[9:38] நீலம் கணக்கு அக்கா: கடன் பட்டியலும் வேணும் அண்ணா. ஆஸ்ட்ரோ (செயற்கைப் புல் மைதானம்) வாடகை பாக்கி, லீக் அபராதம், ஜெர்சி சப்ளையர் ஒப்பந்தம் எப்போ முடியுது, ஸ்பான்சர்கிட்ட முன்பணம் வாங்கியிருக்கா — ரெண்டு பக்கமும் ஒரே தேதிக்கு எழுதி மாத்திக்கணும். எங்களோடதை செவ்வாய்க்கிழமை போடறேன். பச்சையோட பாக்கியை இணைப்புக்கு முன்னாடியே அடைச்சிடுங்க, இல்லன்னா கமிட்டில கையெழுத்துப் போட்டவங்க வீட்டுக்கதவைத்தான் தட்டுவாங்க.

[9:41] பிள்ளைகள் ஆபீசர்: இப்பதான் பாக்கிறேன். நிலம் காசெல்லாம் சரி. பயிற்சி குடுக்கிறவங்களோட கார்டா வெட்டிங் (போலீஸ் பின்னணிச் சோதனை) பத்தி யாரும் பேசலையே?

[9:42] 22ஆம் வீடு: நான் நீலம் அண்டர்-9க்கு உதவி பண்றதா சொல்லியிருக்கேன். பையனோட கேலிக் கிளப்ல எனக்கு வெட்டிங் முடிஞ்சதே?

[9:47] பிள்ளைகள் ஆபீசர்: அது ஜிஏஏ (கேலிக் விளையாட்டுச் சங்கம்) எடுத்தது, எஃப்ஏஐ-க்கு செல்லாது. ஒவ்வொரு அமைப்பும் தனியா எடுக்கணும். அடையாளம் சரிபார்த்ததும் மெயில்ல ஒரு லிங்க் வரும், 30 நாள்ல காலாவதி. பாதிப் பேர் ஸ்பாம்ல விட்டுட்டு "வரவே இல்ல"ம்பாங்க. இதுவரை குடியிருந்த எல்லா முகவரியும் கேக்கும், ஊர்ல இருந்த வீடும் சேர்த்து. ஒண்ணு விட்டாலும் திரும்பி வரும். வெட்டிங் பதில் வராம யாரையும் பிள்ளைங்ககிட்ட விட்டா கிளப் பண்றது குற்றம்; பெரிய கோர்ட்டுக்குப் போனா 10,000 யூரோ வரை அபராதம், 5 வருஷம் வரை சிறை.

[9:50] பிள்ளைகள் ஆபீசர்: பச்சை கோச்சுகளுக்கு எஃப்ஏஐ வெட்டிங் ஏற்கனவே இருக்கு. ஆனா சிஸ்டத்துல அவங்க பச்சைக்குக் கீழ இருக்காங்க. ஒவ்வொருத்தரையும் புதுப் பெயருக்குக் கீழ கொண்டுவரணும், அப்படியே 3 வருஷம் தாண்டினவங்களைப் புதுப்பிக்கணும். சேஃப்கார்டிங் (பிள்ளைகள் பாதுகாப்புப் பயிற்சி) சான்றிதழும் பக்கத்துலயே இருக்கட்டும். கோச், மேனேஜர், வேன் ஓட்டறவர்னு ஒரே ஷீட்ல பெயர், முடிவு தேதி. தேதி தாண்டி சிவப்பு விழுந்தவங்க பயிற்சிக்கு வர வேண்டாம்.

[9:52] பிள்ளைகள் ஆபீசர்: பிள்ளைகள் பாதுகாப்பு அறிக்கையும் புதுசா எழுதணும். மைதானம் ரெண்டாச்சு, டிரெஸ்ஸிங் ரூம் ரெண்டாச்சு, ஆபத்து மதிப்பீடு பழசு ஒத்துவராது. சுவத்துல பழைய பெயரோட ஒட்டி வச்சிருந்தா அது இல்லாததுக்குச் சமம்.

[9:55] பச்சை கோச் தம்பி: பிள்ளைங்க பதிவும் அதே மாதிரி. பெற்றோர்தான் எஃப்ஏஐ சிஸ்டத்துல மாத்தணும். நம்ம ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை: பெயரை பாஸ்போர்ட்ல எப்படியோ அப்படியே போடுங்க. ஒரு வருஷம் இனிஷியலோட, அடுத்த வருஷம் அப்பா பெயரை சர்நேமா போட்டா சிஸ்டம் ரெண்டு பிள்ளைன்னு நினைக்குது. மேட்ச் அன்னிக்கு ஐடி கிடைக்காது, பையன் கோட்டுக்கு வெளிய.

[9:57] 22ஆம் வீடு: அண்டர்-13 ரெண்டு கிளப்லயும் இருக்கே. யார் ஏ டீம்?

[10:03] பச்சை கோச் தம்பி: பச்சை 14, நீலம் 13. மொத்தம் 27. பதினோரு பேர் ஆட்டத்துக்கு ரெண்டு டீம் கட்டலாம், ஒண்ணு 14, ஒண்ணு 13. இங்கதான் இணைப்பு நாறும். பச்சை கோச் ஏ டீம் எடுத்தா பச்சைப் பசங்களே ஏ, நீலம் பி. ரெண்டு மாசத்துல நீலம் பெற்றோர் அடுத்த கிளப் தேடுவாங்க. அதனால மே மாசம் நாலு பயிற்சி, பசங்க எல்லாருக்கும் ஒரே நிற பிப், நெஞ்சுல நம்பர் மட்டும். அண்டர்-15 கோச்சுங்க ரெண்டு பேர் வெளிய நின்னு குறிக்கட்டும், அண்டர்-13 கோச் யாரும் பேனா தொடக் கூடாது. ஒவ்வொரு டீமுக்கும் ஒரு பச்சை கோச், ஒரு நீலம் கோச். இந்த சீசன் முடியற வரை அவங்கவங்க பெயர்லயே ஆடட்டும், நடுவுல கை வைக்க வேண்டாம்.

[10:05] பச்சை கோச் தம்பி: இன்னொண்ணு, இது பெருசு. பழைய பதிவுப் புத்தகம், ஷீட் எதையும் தூக்கிப் போடாதீங்க. நம்ம பையன் ஒருத்தன் பின்னாடி வெளிநாட்டு கிளப்புக்கு விலைக்குப் போனா, ஃபிஃபா விதிப்படி அந்த விலையில 5 சதவீதம் அவனை வளர்த்த கிளப்புகளுக்கு. 12ல இருந்து 15 வயசு வரை வருஷத்துக்கு 0.25 சதவீதம், 16ல இருந்து 23 வரை 0.5. ஒரு கோடி யூரோவுக்கு விலை போனவன் 12–15 நம்மகிட்ட ஆடியிருந்தா கிளப்புக்கு 1,00,000 யூரோ.

[10:06] 22ஆம் வீடு: நம்ம கிளப்புக்கா!

[10:08] பச்சை கோச் தம்பி: கிளப் இருந்தா. கலைஞ்சு போன கிளப்போட பங்கை தேசிய சங்கம் கேட்டு வாங்கிக்கலாம்னு அதே விதியில இருக்கு. இப்ப புரியுதா "கலைக்கப்பட்டு" ஏன் வேணாம்னு? நீலத்தோட கூடு நிக்கறதால நீலம் பிள்ளைங்க கணக்கு தானா தொடரும். பச்சை பிள்ளைங்களுக்காக இணைப்பு ஒப்பந்தத்துல "பச்சையின் பயிற்சி உரிமைகள் அனைத்தும் இணைந்த கிளப்புக்கு"ன்னு ஒரு வரி, கூடவே வீரர் பெயர், பிறந்த தேதி, எந்த சீசன்ல இருந்து எந்த சீசன்ங்கிற பட்டியலை இணைச்சு, எஃப்ஏஐ-க்கு ஒரு பிரதி.

[10:15] பச்சை செயலாளர்: மாத்தி எழுதிட்டேன், பாருங்க. "தீர்மானம் 1: பச்சையின் சொத்து, உறுப்பினர், பயிற்சி உரிமைகள் சீசன் முடிவில் நீலம் கம்பெனிக்கு மாற்றப்படும். இது லீக்குகளின் எழுத்து ஒப்புதலும் திணைக்கள ஒப்புதலும் கிடைத்த பின்னரே நடைமுறைக்கு வரும். தீர்மானம் 2: கம்பெனியின் பெயரும் யாப்பும் மாற்றப்படும், புதிய கமிட்டியில் இரு தரப்புக்கும் சம இடம். தீர்மானம் 3: நிலப் பதிவு முடியும் வரை பச்சை சங்கம் கலைக்கப்படாது."

[10:17] நீலம் கணக்கு அக்கா: மூணாவது அருமை அண்ணா. அதுதான் முக்கியம். நாளைக்குக் காலைல ரெண்டு கிளப்புக்கும் ஒரே வாசகத்தோட போகட்டும்.

[10:18] 22ஆம் வீடு: அப்போ இந்த வியாழக்கிழமை வரணுமா?

[10:19] பச்சை செயலாளர்: வாங்க. ஓட்டு இல்ல, கேள்வி பதில் மட்டும். டீ உண்டு.

[10:22] மூலை வீட்டு அண்ணை: வாற ஆக்கள் கொண்டெய்னர் சாவி ரெண்டையும் கொண்டு வாங்கோ. கூட்டத்துக்கு முதல் வலையும் கோல் போஸ்ட் பாரமும் எண்ணோணும். டிஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு மின்னதிர்ச்சி குடுக்கிற கருவி) ரெண்டின்ர ஒட்டுப் பேடிலயும் காலாவதித் தேதி பாக்கோணும். போன முறை பாத்தப்ப பச்சையின்ர பெட்டி வெறும் பெட்டி.