சுளுக்கு என்று நான்கு மாதம் நம்பியிருந்த வலி

கடந்த மழைக்காலத்தில் மயிலாப்பூர் மாட வீதியில், நடைபாதையிலிருந்து இறங்கும்போது என் இடது பாதம் உட்பக்கமாகப் புரண்டுவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. சுளுக்கு என்று சொல்லி கிரேப் பேண்டேஜ் கட்டி அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது, வலி போகவில்லை. நாள் முழுவதும் வகுப்பில் நின்றுவிட்டுத் திருமயிலை ரயில் நிலையப் படிகளில் ஏறி இறங்கும்போது, கணுக்காலின் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்புக்குப் பின்னால் சுருக்கென்று குத்தும்.

நான்கு மாதம் கழித்துச் சந்தித்த பிசியோதெரபிஸ்ட், "வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள், அம்மா" என்றார். அதுவரை எவரும் அப்படிக் கேட்டதில்லை. சாதாரணச் சுளுக்கில் அடிபடும் லிகமெண்ட் (எலும்பை எலும்போடு பிணைக்கும் நார்) பெரும்பாலும் அந்த எலும்புக்கு முன்னும் கீழுமாக வலிக்கும். என் விரலோ பின்பக்கம் போய் நின்றது. பாதத்தின் வெளி விளிம்பில் தம் உள்ளங்கையை வைத்து, அதை எதிர்த்து வெளிப்பக்கமாகத் தள்ளச் சொன்னார். தள்ளியதுமே வலியில் பல்லைக் கடித்தேன். அந்த எலும்பின் பின்னுள்ள பள்ளத்தில் பெரோனியல் தசைநாண்கள் என்னும், கெண்டைக்காலின் வெளிப்பக்கத் தசைகளைப் பாத எலும்போடு இணைக்கும் இரண்டு நாண்கள் இறங்குகின்றன என்றும், ஒன்று சுண்டுவிரல் பக்கத்து எலும்பிலும், மற்றது உள்ளங்காலுக்கு அடியில் குறுக்கே ஓடிப் பெருவிரல் பக்கத்து எலும்பிலும் பிடிக்கின்றன என்றும் விளக்கினார். பிறகு என் செருப்பைத் திருப்பிப் பார்த்தார்: வெளி விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தது. உள்ளங்கால் வளைவு உயரமாக இருப்பவர்களுக்கு இந்த நாண்களின் மேல் சுமை கூடுமாம்.

எம்.ஆர்.ஐ.யில் ஒரு நாணில் சிறிய நெடுக்குக் கிழிசலும் சுற்றிலும் நீரும் தெரிந்தன. நான்கு வாரம் கணுக்காலை அசையாமல் பிடிக்கும் வாக்கிங் பூட், பிறகு குதிகாலின் வெளிப்பக்கத்தைச் சற்றே உயர்த்தும் செருப்புத் திண்டு, ரப்பர் பட்டைப் பயிற்சி, ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி. ஊசி போட்டுவிடுங்கள் என்று நான் கெஞ்சியபோது, ஸ்டீராய்டு நாணை வலுவிழக்கச் செய்து அறுந்துபோகவும் விடலாம் என்று எலும்பு மருத்துவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

மறுமொழி:

சகோதரி, கபடி விளையாடும் என் மகனுக்கும் இதே இடம்தான். ஆனால், பாதத்தைச் சுழற்றும்போது நாண் 'டக்'கென்று எலும்பின் மேல் ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியும். அசையாமல் படுத்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில் அது அகப்படவில்லை. பாதத்தை அசைக்கச் சொல்லிக்கொண்டே எடுத்த அல்ட்ராசவுண்டில்தான் பிடிபட்டது. நாணைப் பள்ளத்தில் பிடித்து வைக்கும் பட்டை கிழிந்திருந்ததால், அறுவை சிகிச்சையில் பள்ளத்தை ஆழப்படுத்திப் பட்டையைத் தைத்தார்கள். ஐந்து மாதம் ஆகிறது. நேற்றிரவு அவன் காலைச் சுழற்றியபோது காதை அருகில் வைத்துக் கேட்டேன். அந்தச் சத்தம் இல்லை.